தின்கிறது, தேறவில்லை: ஒரு செம்மறிப் பட்டியில் மூன்று மாதம்

செப்டம்பர் இரண்டாம் வாரம். காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆடு ஏதும் சாகவில்லை, கழிச்சல் இல்லை, சளி இல்லை, காய்ச்சலும் இல்லை. "தீனி திங்குதுங்க, அசை போடுதுங்க, ஆனா தேறவே மாட்டேங்குதுங்க" என்றார் ஆடு வைத்திருக்கும் அம்மா. வயது அறுபதுக்கு மேல். கணவருக்கு முழங்கால் வலி என்பதால் மேய்ச்சல் முழுக்க இவர் கையில்தான்.

கால்நடை மருத்துவனான எனக்கு இந்த மாதிரி அழைப்பு வந்தால் கொஞ்சம் கலக்கம்தான். திடீரென்று செத்து விழுந்தால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லிவிடலாம். மெல்ல மெல்ல இளைக்கிற ஆட்டுக்குக் காரணம் பத்து இருக்கும், அதில் இரண்டு மூன்று ஒன்றாகவே இருக்கும். இந்தப் பட்டியில் அப்படித்தான் ஆனது. முதல் தடவை நான் தவறாகக் கணித்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பட்டியில் மொத்தம் 26 உருப்படி, எல்லாமே மேச்சேரி இனம். தாய் ஆடுகள் 17, கிடா ஒன்று, மீதி எட்டும் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள். மேய்ச்சல் சொந்தக் கொறங்காட்டில்: ஆறு ஏக்கர், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலம். சாயங்காலம் பட்டிக்கு வந்ததும் சோளத்தட்டும் கடலைக்கொடியும். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. வருடத்துக்கு நான்கு முறை பூச்சி மருந்து. குறை சொல்ல முடியாத பராமரிப்பு.

17 தாய் ஆடுகளில் ஒன்பது இளைத்திருந்தன. மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். ஆகவே இளைப்பு தூரத்திலிருந்தே தெரியும். ஆனாலும் கண்ணை நம்பக்கூடாது, இடுப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை வைத்தால் முதுகெலும்பின் முனை ரம்பம் போலக் குத்தியது. பக்கவாட்டு எலும்புகளுக்கு அடியில் விரல் முழுசாக உள்ளே போனது. உடல் தேற்றத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் தரலாம், இரண்டு ஆடுகளுக்கு ஒன்றுதான். கோணிச்சாக்கில் தொட்டில் கட்டித் தூக்குத் தராசில் எடை போட்டோம். இளைத்த ஒன்பதும் 15.5 முதல் 20 கிலோ. மற்ற தாய் ஆடுகள் 22 முதல் 27.

எடை போட்டபோதே ஒரு விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மா அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைப் பாட்டில் மூடியால் அளந்து, எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு ஊற்றி வந்திருக்கிறார். 27 கிலோ ஆட்டுக்கும் 17 கிலோ ஆட்டுக்கும் ஒரே மூடி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் ஊற்றுகிறார்கள். பெரிய ஆட்டுக்கு மருந்து குறைந்தால் பிழைத்த புழுக்கள் அடுத்த தலைமுறைக்கு எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துவிட்டுப் போகும். சினை பிடித்த முதல் மாதத்தில் அந்த மருந்தே ஆகாது, கருவைப் பாதிக்கும். அதையும் சொன்னேன்.

கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் ஒன்பதில் ஏழு ஆடுகளுக்கு வெளுத்த ரோஸ், இரண்டுக்குக் கிட்டத்தட்ட வெள்ளை. மூன்று ஆடுகளுக்குத் தாடைக்கடியில் பை கட்டியது போல நீர் வீக்கம். காலையில் இல்லை, சாயங்காலம் வருகிறது என்றார். தலை குனிந்து மேயும்போது நீர் இறங்கும், இரவில் தலை தூக்கிப் படுத்தால் வடியும். இரத்தத்தில் புரதம் குறைந்ததற்கு இது நல்ல அடையாளம்.

வாயையும் பார்த்தேன். ஒரு கிழ ஆட்டுக்கு முன்பல்லில் இரண்டு விழுந்து, ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தாடையை வெளியிலிருந்து தடவினால் கடைவாய்ப் பற்களும் ஏறி இறங்கி இருந்தன. அந்த ஆட்டின் இளைப்புக்குக் காரணம் அதுவே போதும். மற்ற எட்டுக்கும் பல் நன்றாக இருந்தது. கழுத்திலோ தோளிலோ நெறிக்கட்டி இல்லை, நுரையீரல் சத்தம் சுத்தம், உடல் வெப்பம் 102க்கும் 103க்கும் நடுவில்.

சரி, சோகை, தாடை வீக்கம், இளைப்பு, கழிச்சல் இல்லை. செம்மறி பார்க்கிற எந்த மருத்துவருக்கும் முதலில் மனதில் வருவது இரைப்பைப் புழு, ஹீமாங்கஸ். ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி போய்விடும். சின்ன ஆடு எப்படித் தாங்கும்? மூடி அளவு மருந்து, எதிர்ப்புச் சக்தி, ஹீமாங்கஸ் என்று மூன்றையும் முடிச்சுப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டேன்.

புழுக்கையும் எடுத்தேன். 3 கிராம் புழுக்கையை 42 மில்லி நீரில் கரைத்து வடிகட்டி, உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, கட்டம் போட்ட சில்லில் எண்ணும் முறை. எண்ணியதை ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். இளைத்த ஆடுகளில் அதிகபட்சம் ஆறு முட்டை கண்ணில் பட்டது, அதாவது 300. பாதி ஆடுகளில் 50, 100தான்.

நான் நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் இது. ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். இமை வெளுக்கும் அளவு புழு இருந்தால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போயிருக்க வேண்டும். இங்கே சோகை இருக்கிறது, முட்டை இல்லை. மூன்று வாரம் முன்னால்தான் மருந்து ஊற்றினார்கள், அதனால் முட்டை குறைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னவனும் நான்தான். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்பது அன்று உறைக்கவில்லை.

இன்னொன்றையும் தவறவிட்டேன். எட்டுக் குட்டிகளும் துள்ளிக்கொண்டிருந்தன, இமை நல்ல சிவப்பு. இரைப்பைப் புழு பெருகிய பட்டியில் முதலில் அடிபடுவது குட்டிகள். தாய்கள் இளைத்துக் குட்டிகள் தளதளவென்று இருந்தால் காரணம் வேறெங்கோ என்று அர்த்தம்.

எடைக்குத் தக்க லெவமிசோல் என்ற வேறொரு பூச்சி மருந்து, இரும்புச்சத்து ஊசி, பி12, கூடவே தீவனக் கலவை. இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாம் முறை

போனபோது புழுக்கையில் ஒரு முட்டைகூட இல்லை. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. ஆடுகள்தான் இன்னும் அரை கிலோ, முக்கால் கிலோ இறங்கியிருந்தன. சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்த்தேன். ஒன்பது கிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, இளைத்தவற்றில் 5.8 முதல் 7.1 வரை.

தோட்டத்து வீடான சாளையின் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வேறு ஏதோ பேச்சில், ஆடியில் ஒரு இளைத்த ஆட்டைக் கறிக்கடைக்கு விற்றதைச் சொன்னார். "ஈரலு கல்லாட்டம் இருக்குதுன்னு கறிக்கடைக்காரன் காசைப் புடிச்சுக்கிட்டானுங்க. அறுக்கறப்ப கத்தி நறநறங்குதுன்னான். ஏமாத்தறான்னு நெனச்சேனுங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். ஈரலின் பித்தக்குழாய்கள் தடித்துச் சுண்ணாம்பு படிந்தால் கத்தி அப்படி நறநறக்கும். அது ஈரல் தட்டைப்புழு. நம் பக்கத்தில் இருப்பது ஃபேசியோலா ஜைஜாண்டிகா: இலை போலத் தட்டையாக, ஒன்றரை இரண்டு அங்குல நீளத்துக்கு இருக்கும்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்றால், அது தண்ணீர்க் காட்டு நோய். நத்தை இல்லாமல் அந்தப் புழுவுக்கு வாழ்க்கை இல்லை. கொறங்காட்டில் மழைக்காலத்திலேயே தண்ணீர் தேங்காது. மேட்டாங்காட்டு ஆட்டுக்கு ஈரல் புழுவா என்கிற எண்ணம் ஊறிப்போய்விட்டது. இரண்டாவது காரணம் இன்னும் சங்கடமானது. தட்டைப்புழு முட்டை கனமானது, சாதாரண உப்புக் கரைசலில் மிதக்காது. மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனையில் அது தெரியவே தெரியாது. இதைக் கல்லூரியில் இரண்டாம் வருடத்திலேயே படித்திருக்கிறேன்.

படியவைக்கும் சோதனைக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டியதில்லை. புழுக்கையை நிறையத் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, உயரமான கண்ணாடி டம்ளரில் ஐந்து நிமிடம் விட வேண்டும். மேல் தண்ணீரை மெதுவாகக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றிப் படியவிட வேண்டும். மேல் தண்ணீர் தெளியும்வரை இதையே செய்துவிட்டு, அடி வண்டலில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், குப்பையெல்லாம் நீலமாகும், ஈரல் புழு முட்டை மட்டும் பொன்மஞ்சளாக நிற்கும். கூடவே அதே அளவில் நிறமற்ற முட்டைகளும் தெரிந்தால் அது ஆம்ஃபிஸ்டோம், அதாவது அசையூண் இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும் தட்டைப்புழு.

ஒன்பதில் எட்டு ஆடுகளின் வண்டலில் மஞ்சள் முட்டை. பல் விழுந்த கிழ ஆட்டில் மட்டும் இல்லை. தளதளப்பாக இருந்த எட்டுத் தாய்களிலும் மூன்றில் இருந்தது. நிறமற்ற முட்டை ஏறக்குறைய எல்லாவற்றிலும்.

பள்ளம்

அப்படியானால் தண்ணீர் எங்கே? "கொறங்காடு தவிர வேற எங்கயாவது ஓட்டுவீங்களாம்மா?" என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். அப்புறம், "கோடைல பில்லு காஞ்சு போச்சுன்னா, ஓரம்புப் பள்ளத்துல ஒரு ரெண்டு மாசம் உடுவேனுங்க" என்றார்.

கீழ்பவானி வாய்க்கால் அவர்கள் தோட்டத்துக்கு மேற்கே ஓடுகிறது. பவானிசாகர் அணையிலிருந்து மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2.07 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கும் மண்வாய்க்கால். கரையிலிருந்து கசிந்து தாழ்வான இடங்களில் ஊறும் நீரைத்தான் இங்கே ஓரம்பு என்கிறோம். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது ஒரு பக்கம் கடும் எதிர்ப்பு, இன்னொரு பக்கம் ஆதரவு என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றதற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம். கிணறுகளுக்கு ஊற்று கொடுப்பது அதுதான். நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. ஆட்டுக்கு அதனால் என்ன ஆனது என்பது மட்டும் இங்கே.

பள்ளம் அரை ஏக்கர்கூட இருக்காது. செப்டம்பர் கடைசியில் கணுக்கால் அளவு தண்ணீர், ஓரத்தில் கோரையும் பச்சைப் புல்லும். கோரைத் தண்டைப் பிடுங்கினால் அடியில் நத்தைகள் இரண்டு விதம்: கூம்பு மாதிரி மெல்லிய பழுப்பு ஓடு ஒன்று, கயிறு சுருட்டியது போலத் தட்டை ஓடு இன்னொன்று. முதலாவது லிம்னியா, ஈரல் புழுவுக்கு இடம் கொடுப்பது. இரண்டாவது இண்டோபிளனார்பிஸ், ஆம்ஃபிஸ்டோமுக்கு. ஓரமாக அவர்களின் எருமை படுத்திருந்தது. நன்றாகக் கறக்கிற எருமை, மேனி பளபளவென்று இருந்தது. அதன் சாணத்தைப் படியவைத்துப் பார்த்தால் ஆடுகளைவிட அதிக முட்டை! எருமை சுமந்து தாங்கிக்கொள்ளும், செம்மறி தாங்காது.

கணக்கு இப்போது சரியாக வந்தது. எருமைச் சாணத்திலிருந்து முட்டை தண்ணீரில் விழுந்து பொரிகிறது, நத்தைக்குள் போய்ப் பெருகுகிறது, வெளியே வந்து புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. கோடையில் மற்ற இடம் காய்ந்ததும் ஆடு அந்தப் புல்லைக் கடிக்கிறது. குடலைத் துளைத்து, ஈரலைத் துருவிக்கொண்டு பித்தக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்து முட்டை போட மூன்று நான்கு மாதம். ஏப்ரல், மே மாதங்களில் கடித்த புல்லுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் இளைப்பு. குட்டிகள் அப்போது பிறக்கவில்லை, பிறந்திருந்தாலும் பட்டியிலேயே இருந்தன, கிடாவைச் சாளையிலேயே கட்டிப்போட்டுத் தீனி போட்டார்கள், கிழ ஆடு நடக்க மாட்டாமல் பின்தங்கிவிடும். பல் விழுந்த அந்தக் கிழ ஆட்டை விட்டுவிட்டால், இளைத்தவை எல்லாம் பள்ளத்துக்குப் போனவைதான்.

மூடி அளவு அல்பெண்டசோல் ஏன் பிடிக்கவில்லை என்பதும் விளங்கியது. உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கும் அளவு ஈரல் புழுவுக்குப் போதாது. அளவைக் கூட்டினாலும் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், ஈரலுக்குள் துருவிக்கொண்டிருக்கும் இளம் புழுவை விட்டுவிடும்.

மருந்தும் மேய்ச்சலும்

17 தாய்களுக்கும் ட்ரைகிளாபெண்டசோல், கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து வாய்வழி. இளம் புழுவையும் சேர்த்துக் கொல்வதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். பால் கறக்கும் எருமைக்கு அது ஆகாது, அதற்கு ஆக்ஸிகுளோசனைடு. இரண்டு வாரம் கழித்து ஆடுகளுக்கும் ஆக்ஸிகுளோசனைடு ஒரு முறை, ஆம்ஃபிஸ்டோமுக்காக. லேபிளில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை ஒன்றையும் கறிக்கு விற்கக்கூடாது என்று இரண்டு முறை சொன்னேன், ஏனென்றால் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

தீவனத்தில் அவசரப்படவில்லை. அடிபட்ட ஈரலுக்கு ஒரேயடியாகத் தானியம் கொட்டினால் வயிறு கெடும். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்து ஆட்டுக்கு 100 கிராமில் ஆரம்பித்துப் பத்து நாளில் 250க்குக் கொண்டுபோனோம். மீதிக்கு அதே கடலைக்கொடி.

பள்ளத்துக்கு மயில்துத்தம் (தாமிர உப்பு) போட்டு நத்தையைக் கொல்லலாமா என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார். நத்தை சாகும், உண்மைதான். ஆனால் செம்மறிக்குத் தாமிரம் விஷம், மாட்டைவிடப் பல மடங்கு எளிதில் ஈரலில் சேர்ந்து ஆளைக் கவிழ்த்துவிடும். ஏற்கெனவே ஈரல் புண்ணான ஆடுகள். வேண்டவே வேண்டாம் என்றேன். கிளுவைப் போத்து நட்டு, அது பிடிக்கும்வரை முள் அடைத்து, பள்ளத்தை மறித்தார்கள். அங்கே அறுக்கும் புல்லைப் பச்சையாகப் போடாமல், நன்றாக வெயிலில் சருகாகக் காயவைத்து, சில வாரம் போரில் வைத்த பிறகு போடச் சொன்னேன். அப்படிக் காய்ந்தால் புல்லில் ஒட்டிய புழுக் கூடுகள் செத்துவிடும்.

மூன்று வாரம் கழித்துத்தான் புழுக்கை எடுத்தேன். அதற்கு முன் எடுத்தால் பித்தப்பையில் தங்கிய பழைய முட்டைகள் வெளியேறிக்கொண்டிருக்கும், மருந்து பிடிக்கவில்லை என்று ஏமாந்துபோவோம். மஞ்சள் முட்டை எதிலும் இல்லை. தாடை வீக்கம் அதற்குள் எல்லாவற்றிலும் வடிந்திருந்தது. டிசம்பர் முதல் வாரம் மறுபடி எடை போட்டோம். ஏழு ஆடுகள் 3 முதல் 4.5 கிலோ ஏறியிருந்தன, இமை ரோஸ் நிறம். கிழ ஆட்டுக்கு ஊறவைத்த தீனியைத் தனியே கொடுத்ததில் ஒன்றரை கிலோ. அதை அடுத்த குட்டியோடு கழித்துவிடுவதாக அந்த அம்மாவே சொன்னார்.

ஒன்று மட்டும் தேறவில்லை

ஏழும் ஏறும்போது ஒரு ஆடு மட்டும் 17 கிலோவிலிருந்து 15.2க்கு இறங்கியது. நான்கு வயது, இரண்டு வருடம் முன் சந்தையில் வாங்கியது. அதற்கும் ஈரல் புழு இருந்தது, மருந்தும் பிடித்தது, முட்டையும் நின்றது. இமைகூடத் தேறிவிட்டது. தீனியில் முதல் ஆள் அதுதான், தொட்டியில் மற்ற ஆடுகளை முட்டித் தள்ளிவிட்டுத் தின்றது. புழுக்கை மட்டும் உதிரியாக இல்லாமல் கொத்தாக ஒட்டி விழுந்தது. நன்றாகத் தின்று, சோகை இல்லாமல், எலும்பாகிக்கொண்டே போனால், குடலைத் தடிக்கவைக்கும் கிருமி நோயான ஜோனிஸை நினைக்க வேண்டும். மாட்டுக்கு அது தீராத கழிச்சலாக வரும், செம்மறிக்குப் பெரும்பாலும் கழிச்சலே இருக்காது.

மலக்குடல் சுரண்டலில், அமிலம் தாங்கும் கிருமியைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தேன், தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதில் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: இதற்கு மருந்து கிடையாது, புழுக்கையில் கிருமி போய்க்கொண்டே இருக்கும், பட்டி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சந்தைக்குக் கொண்டுபோனால் இன்னொரு பட்டிக்குப் போகும். ஒரு நாள் யோசிக்க நேரம் கேட்டார். மறுநாள் கூப்பிட்டு, "வித்தா வாங்கறவன் எவனோ ஒருத்தன் அழுவானுங்க. நீங்களே முடிச்சிருங்க" என்றார்.

அறுத்துப் பார்த்ததில் ஈரலில் பழைய தழும்பு, புழு இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி இயல்பைவிட இரண்டு மடங்கு தடித்து, உள்பக்கம் மடிப்பு மடிப்பாக இருந்தது. பக்கத்து நிணக்கட்டிகள் வீங்கியிருந்தன. கட்டியை வெட்டிச் சில்லில் ஒற்றிச் சாயமிட்டால், சிவந்த குச்சிக் கிருமிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

ஈரல் புழு மட்டும் கிடைத்த சந்தோஷத்தில் நான் அடுத்த சோதனைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த ஆடு பட்டியிலேயே இன்னும் ஆறு மாதம் நின்றிருக்கும். கிருமி தொற்றுவது பெரும்பாலும் குட்டிப் பருவத்தில், தாயின் பாலும் புழுக்கை ஒட்டிய மடியும் வழியாக. நோய் வெளியே தெரிய இரண்டு வருடமாவது ஆகும். ஆகவே பட்டியைக் கூட்டி அள்ளிச் சுண்ணாம்பு தெளித்து, குட்டி ஈனும் இடத்தைத் தனியாக்கி, தீனித் தொட்டியைப் புழுக்கை விழாத உயரத்துக்கு ஏற்றினோம்.

ஜனவரியில் ஒன்பது குட்டிகள் விழுந்தன, இரண்டு இரட்டை. கோடையில் கொறங்காடு காய்ந்தபோது ஆடுகள் பழக்கத்துக்குப் பள்ளத்து வேலியோரம் போய் நின்றன, அந்த அம்மா திருப்பி ஓட்டிவந்து கடலைக்கொடி போட்டார். புதைத்த ஆட்டுக்கு ஒரு பெட்டைக் குட்டி உண்டு, இப்போது ஆறு பல் முளைத்த பருவம். அதை மட்டும் சினைக்கு விடாமல் தனியே கட்டி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடையும் சுரண்டலும் பார்க்கிறேன். இரண்டு முறை பார்த்தாயிற்று, எதுவும் தெரியவில்லை, எடையும் இறங்கவில்லை. அடுத்தது தை மாதம்.